முதுமலைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

களப்பணிக்கு அனுமதி பிப்ரவரியில்தான் கிடைத்தது, மொட்டைக் காட்டில் என்னத்தைப் பார்ப்பது என்று புலம்பியிருந்தாய். இதையே வேறு சிலரும் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

எனக்கென்னவோ உனக்கு நல்ல மாதம்தான் வாய்த்திருக்கிறது. செடி, மரங்களை அடையாளம் காண நாம் படித்த முறை பூவில் தொடங்கும். பூ வருஷத்தில் சில வாரம். உன்னோடு நடக்க வரும் காவலருக்கோ மரம் பன்னிரண்டு மாதமும் தெரிந்தாக வேண்டும். அதனால் அவர் பட்டையைப் பார்ப்பார். முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் கருமருது. வெளுத்து, மெல்லிய தாளாக உரிந்தால் வெண்தேக்கு. தண்டெல்லாம் முள் என்றால் இலவு. 2024 மார்ச்சில் ஆந்திராவின் பாபிகொண்டா தேசியப் பூங்காவில் கருமருதைக் கொத்தியதும் தண்ணீர் பீறிட்ட காணொளியை நீயும் பார்த்திருப்பாய். அந்த மரத்துக்குள் தண்ணீர் இருக்கும் என்று வனத்துறைக்குச் சொன்னவர்கள் கொண்டாரெட்டிப் பழங்குடியினர். (இங்கே போய்க் கொத்திக் காட்டச் சொல்லாதே!)

சீருடை போட்ட எல்லோருக்கும் செடி தெரியும் என்று நினைக்காதே. வனக்காப்பாளர் தேர்வெழுதி வேறு மாவட்டத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலர்தான் பெரும்பாலும் உன் வாத்தியார். இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் பிறந்து அந்தக் காட்டிலேயே வளர்ந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். 1988 முதல் இந்திய அறிவியல் கழகம் முதுமலையில் 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிட்டுக் கண்காணித்து வருகிறதே, அதுவும் இப்படிப்பட்ட உள்ளூர் ஆட்களின் கண்ணை நம்பித்தான் நடக்கிறது.

கேட்கும் விதம்தான் முக்கியம். "இது பேர் என்னண்ணா?" என்றால் பேரைச் சொல்வார், அதோடு பேச்சு முடிந்துவிடும். "இதை எது திங்கும்?" என்று கேட்டுப் பார். நெல்லிக்காயைப் புள்ளிமான் விழுங்கிவிட்டு, எங்கேயோ போய்ப் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பும் என்பார். ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்திருக்கும் விஷயம் இது. மரமில்லாத இடத்தில் கொட்டை குவிந்து கிடப்பது ஏன் என்று உனக்கு அங்கேயே விளங்கிவிடும். சடச்சி மரத்தின் பட்டையை யானை உரித்துத் தின்றிருக்கும். உரித்த இடம் காய்ந்திருந்தால் அவர் பேசிக்கொண்டே நடப்பார். ஈரமாக இருந்தால் பேச்சு நின்றுவிடும். நமக்கு அது தாவரவியல், அவருக்கு யானை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கு. அவர் நின்றால் நீயும் நின்றுவிடு. நோட்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அதே போல, பாதையை விட்டு அவர் திடீரென்று சுற்றிப் போனால் பின்னாலேயே போ. பூனைக்காலிக் காய் முற்றிக் காயும் காலம் அது. அதன் சுணை காற்றில் வந்து கழுத்தில் பட்டால் அரிப்பில் அன்றைய வேலை அவ்வளவுதான். சேங்கொட்டையையும் முதல் நாளே காட்டச் சொல்லிவிடு. வண்ணார்கள் துணியில் குறி போட்ட அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம்.

உண்ணிச்செடி (லாண்டானா), மஞ்சக்கொன்னை பற்றித் தனியாக உட்கார்ந்து கேள். அந்நியக் களைகளை அகற்ற 2022ல் மாநில அரசு கொள்கையே கொண்டு வந்தது. ஆனால் ஓர் ஓடைக்கரைக்கு உண்ணி எப்போது வந்தது, அதற்கு முன் அங்கே என்ன புல் இருந்தது என்பதெல்லாம் அங்கே நடந்தவர்களின் நினைவில்தான் இருக்கும். புதருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாமல் நடக்கிறவருக்கு உண்ணி மேல் இருக்கும் கோபமே வேறு.

அதற்காக அவர் சொல்வதெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்ளாதே. இரண்டு மூன்று புல்லுக்கு ஒரே பேர் சொல்வார். ஒரே மரத்துக்கு இளசில் ஒரு பேர், முற்றினால் வேறு பேர் என்றும் சொல்லலாம். கேட்டபடியே எழுதி வை, அறைக்கு வந்து சரிபார். எந்த நோய்க்கு எந்த வேர் என்று மட்டும் துருவாதே. அதைச் சொல்லாமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. தானாகச் சொன்னாலும், அவரைக் கேட்காமல் ஆய்வேட்டில் ஏற்றக்கூடாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பறித்த செடியை உலர்த்தி ஒட்டி வைக்கும் உலர்தாவரத் தாளில் சேகரித்தவர் பேர் எழுத ஓர் இடம் இருக்கும். அதில் வழக்கமாக நம் பேரும் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் பேரும்தான் போகும். செடியைக் கண்டுபிடித்துக் காட்டியவர் பேரை, அவருக்குச் சம்மதம் என்றால், உன் பேருக்கு முன்னால் எழுது. உன் வழிகாட்டி முகம் சுளித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

செடி பறிக்க அனுமதித்த கடிதத்தின் நகல் இரண்டு எடுத்துக்கொள். ஒன்றைச் சரக அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்காவது தீ என்று தகவல் வந்தால் உன் ஆள் உன்னை முகாமில் விட்டுவிட்டு ஓடுவார், அன்றைக்கு அவரைத் தொந்தரவு செய்யாதே.

அன்புடன்,
அக்கா