மலாங்காவுக்குப் போகிற மகனுக்கு

அன்பின் மகனுக்கு,

வேலையிடத்துச் சிநேகிதன் ஜனவரி 13ஆம் திகதி மலாங்காவுக்குக் கூப்பிட்டிருக்கிறான், போகட்டோ, என்ன உடுப்புப் போடுறது என்று கேட்டிருந்தாய். உடுப்பு விசயத்தை அம்மாவிடம் கேள். மலாங்காவைப் பற்றி, அதுதான் உக்ரேன்காரர் பழைய நாட்காட்டிப்படி புது வருசத்துக்கு முதல் நாள் இரவு கொண்டாடுகிறதைப் பற்றி, நான் சொல்லுறன். தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் நின்ற உக்ரேன்காரர் மேற்கு உக்ரேனில் இருக்கிற புக்கோவினாப் பக்கத்து ஆள். சாப்பாட்டு நேரத்தில் அந்த மனுசனின் வாய் ஓயாது. ரொறன்ரோவில் என்னையும் அம்மாவையும் சில தரம் மலாங்காவுக்குக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறார்.

நீ அங்கே காணப்போவது பெரிய மண்டபம், வட்ட மேசைகள், டிக்கெட். கோவா இலையில் சோறும் இறைச்சியும் வைத்துச் சுற்றின ஹொலுப்ட்சி, உருளைக்கிழங்கு அடைத்த பெரோகி, உள்ளிவாசம் வீசுகிற கொவ்பாசா சொசேஜ். பிறகு நடனக் குழு வரும். நடுச்சாமத்துக்குக் கிட்டக் கொலொமெய்க்கா. எல்லாரும் வட்டமாக நிற்க, ஒவ்வொருத்தராக நடுவுக்குப் பாய்ந்து, குந்தியிருந்தபடியே காலை வீசுவார்கள், பம்பரமாய்ச் சுற்றுவார்கள். எட்மன்டன் பிள்ளைகள் இதில் விண்ணர்கள். அங்கேயுள்ள ஷும்கா நடனக் குழு 1959இலேயே தொடங்கினது. எல்லாம் நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் இது மலாங்காவின் அரைவாசிகூட இல்லை என்பார் அந்த மனுசன். எனக்கும் அதுதான் நினைப்பு.

உக்ரேன் ஊர்களில் நீ மலாங்காவுக்குப் போகத் தேவையில்லை, மலாங்கா உன் வீட்டுக்கு வரும். இருட்டினாப் பிறகு கதவில் தட்டுக் கேட்கும். திறந்தால் முகமூடிக் கூட்டம். கிழவன், கிழவி, வைத்தியன், பொலிஸ்காரன், பிசாசு, சாவு, கரடி, ஆடு. நடுவில் மலாங்கா. பெயர் பெண்ணுடையது, ஆனால் பாவாடைக்குள் இருப்பது அநேகமாக ஒரு தடித்த இளந்தாரி. எங்கள் ஊர்க் கூத்தில் மீசையை வழித்துவிட்டுப் பெண் வேடம் கட்டுவார்களே, அப்படி. அவளுக்கு வீட்டுவேலை ஒன்றும் சரிவராது. குப்பையை வெளியே கூட்டாமல் உள்ளுக்குக் கூட்டுவாள், வாங்கில் தண்ணீரை ஊற்றுவாள், அடுப்பைப் பூசுகிறேன் என்று நாசமாக்குவாள். வீட்டுக்காரி ஏசவும் ஏலாது, சிரிக்காமல் இருக்கவும் ஏலாது. முகமூடி போட்டவனுக்கு அன்றைக்கு ஒரு இரவு மட்டும் யாரையும் நக்கலடிக்க உரிமை. ஊர்த் தலைவர், பாதிரியார் ஒருத்தரும் தப்ப மாட்டார்கள்.

ஆட்டை மட்டும் கவனமாகப் பார். மண்டபத்திலும் சில வேளை அதைக் கொண்டுவருவார்கள். தோலைத் திருப்பிப் போட்ட கம்பளிக் கோட்டு, மரத்தில் செய்த தலை, கயிற்றை இழுத்தால் டக்கு டக்கென்று அடிக்கிற தாடை. ஆடிக்கொண்டிருந்த ஆடு திடீரென்று விழுந்து செத்துவிடும். கிழவன் ஒப்பாரி வைப்பான், வைத்தியன் வந்து கண்டபாட்டுக்கு வைத்தியம் பார்ப்பான், ஆடு துள்ளி எழும்பும். ஆடு நடந்த இடத்தில் தானியம் விளையும் என்று பாடுவார்கள். பனிக்குள் செத்துக் கிடக்கிற நிலம் திரும்ப எழும்ப வேண்டும் என்பதுதான் இந்தப் பகிடி முழுக்க. மலாங்கா பூமித்தாயின் மகள், பாதாளத்துக்காரன் தூக்கிக்கொண்டு போனான், மீண்டு வந்ததும் வசந்தம் வந்தது என்று மண்டபத்தில் ஒரு கதையும் சொல்லுவார்கள். கேள், ஆனால் அது ஏட்டுக்கதை மாதிரித்தான் எனக்குப் படுகிறது. ஆடு அப்படியில்லை.

புக்கோவினாவில், செர்னிவ்ட்சி மாகாணத்தில் கிராஸ்னோயில்ஸ்க் என்று ஓர் ஊர். ருமேனிய எல்லைக்குக் கிட்ட, ஊராக்கள் பெரும்பாலும் ருமேனியம் கதைக்கிறவர்கள். அங்கே கரடிகள் வைக்கோலில். வைக்கோலைத் தடிப்பான வடமாகத் திரித்து, ஆளை உள்ளே நிறுத்தி, காலிலிருந்து கழுத்துவரை சுற்றிக்கட்டுகிறார்கள். உள்ளே இருக்கிறவனால் இருக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது. கனம் சொல்லிவேலையில்லை. அந்தக் கோலத்தில் வீடுவீடாகப் போவார்கள். அந்த உக்ரேன்காரர் போனில் வீடியோ காட்டினபோது வைக்கோல்போர்கள் தெருவால் நடந்து வருகிறதென்றுதான் அம்மா நினைத்தா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் மலாங்காவில் ஜிப்சி வேடம், யூதன் வேடம் எல்லாம் பழைய வழக்கம். செர்னிவ்ட்சி நகரில் ஒரு காலம் மூன்றில் ஒருவர் யூதர். போரில் அவர்களுக்கு என்ன நடந்ததென்று உனக்குத் தெரியும். ஆள் இல்லாமல் போன பிறகும் வேடம் மிஞ்சியிருக்கிறது. ரொறன்ரோ மேடையில் நான் அதைக் கண்டதில்லை. கடல் கடந்து வந்ததில் கழிந்துபோனது எல்லாம் நட்டமில்லை.

சோவியத் காலத்தில் இந்தப் பாட்டுக்கும் வேடத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1972 ஜனவரியில் லிவிவ் நகரில் பண்டிகைப் பாட்டோடு வீடுவீடாகப் போனவர்கள் அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்குக் காசு சேர்த்தார்கள். 12ஆம் திகதி கைதுகள் தொடங்கின. அந்த அலையில் பிடிபட்ட கவிஞர் வாசில் ஸ்தூஸ் பிறகு 1985இல் முகாமில்தான் செத்தார். எங்களைப் போன்ற ஆக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அன்றைய இரவு வீட்டுக்காரரை வாழ்த்திப் பாடுகிற பாட்டுக்குப் பெயர் ஷெட்ரிவ்கா. அதில் ஒன்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். டிசம்பர் பிறந்தால் கடைத்தொகுதிகளில் மணியோசை மாதிரி நாலு சுரம் திரும்பத் திரும்பக் கேட்குமே, ‘கரோல் ஒஃப் த பெல்ஸ்’, அதுதான். லியொந்தோவிச் என்பவர் நாட்டார் மெட்டை எடுத்துக் கூட்டுப்பாட்டாக அமைத்தது. 1916இல் கீவில் முதலில் பாடினார்கள். 1919இல் புதுசாய்ப் பிறந்த உக்ரேனியக் குடியரசு, எங்களையும் ஒரு நாடாக மதியுங்கள் என்று உலகத்துக்குச் சொல்ல ஒரு பாடகர் குழுவையே வெளியே அனுப்பியது. அவர்கள் ஐரோப்பாவில் பாடித் திரியும்போதே நாடு கையைவிட்டுப் போய்விட்டது. 1921இல் லியொந்தோவிச்சைச் சோவியத் உளவாளி ஒருவன் சுட்டுக் கொன்றான். 1922 ஒக்டோபர் 5இல் அதே குழு நியூயோர்க் கார்னெகி மண்டபத்தில் அந்தப் பாட்டைப் பாடியது. பிறகு 1936இல் ஆங்கில வரி வந்து கிறிஸ்மஸ் பாட்டாகிவிட்டது. மூலப் பாட்டில் மணியும் இல்லை, கிறிஸ்மஸும் இல்லை. ஒரு தகைவிலான் குருவி பறந்து வந்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறது: வெளியே வந்து பார், உன் ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன என்று. குழுவை நடத்தின கோஷெட்ஸ் 1944இல் உன் பக்கத்து வினிப்பெக்கில்தான் கண்மூடினார்.

13ஆம் திகதி ஏன் என்று கேட்டிருந்தாய். பழைய ஜூலியன் நாட்காட்டியில் அது டிசம்பர் 31. உக்ரேனின் இரண்டு பெரிய திருச்சபைகள் 2023 செப்டம்பர் 1இல் புது நாட்காட்டிக்கு மாறிவிட்டதால், கணக்குப்படி மலாங்கா இப்போது டிசம்பர் 31க்குப் போய்விட்டது. கன ஊர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கனடாவில் மண்டபம் கிடைக்கிற சனிக்கிழமை எதுவோ அதுதான் மலாங்கா. இந்தமுறை உங்களுக்குத் திகதியோடு ஒத்து வந்திருக்கிறது.

அதோடு அடுத்த நாள் எங்களுக்குப் பொங்கல், அவர்களுக்குப் புனித வாசில் திருநாள். அன்று விடியற்காலையில் பெடியங்கள் பையில் கோதுமை கொண்டுபோய், விதைக்கிறேன் விதைக்கிறேன் என்று பாடி வீட்டுக்குள் எறிவார்கள். முதலில் படி மிதிக்கிறவன் ஆணாக இருந்தால்தான் ராசியாம். உன் தங்கச்சி இதைக் கேட்டு என்னோடு சண்டைக்கு வந்தாள். சிநேகிதனிடம் கேட்டுவிட்டு, அவன் தாய்தகப்பன் வீட்டுக்கு ஒரு பிடி கோதுமையோடு போ. போகிறபோது பொங்கலும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போ. அவர்களும் கோதுமையை அவித்துத் தேனும் கசகசாவும் போட்டுக் குத்தியா என்று வைத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதே.

மண்டபத்தில் ஹொரில்கா என்கிற வொட்காவை ஊற்றித் தந்துகொண்டே இருப்பார்கள். ஒன்றோடு நிறுத்து. காரை வீட்டில் விட்டுவிட்டு டாக்சியில் போ. சப்பாத்து இறுக்கமானதாய்ப் பார்த்துப் போடு, கொலொமெய்க்காவில் உன்னையும் நடுவுக்குத் தள்ளாமல் விடமாட்டார்கள்.

அப்பா