ஊதா என்று விற்ற செடியும் தவறான கவாத்துக் (கிளை வெட்டும் முறை) குறிப்பும் பற்றிப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர், இணையவழிச் செடி விற்பனைப் பிரிவு.

பொருள்: பட்டாம்பூச்சிச் செடி மாறி வந்தது, தவறான கவாத்துக் குறிப்பால் இந்த வருடப் பூ வீணானது குறித்து.

வணக்கம்.

முந்தின வருடம் ஆடி மாதம் உங்களிடம் இரண்டு பட்டாம்பூச்சிச் செடிக் கன்றுகள் வாங்கினேன். விளம்பரப் படத்தில் அடர்ந்த ஊதாக் கதிர்கள் இருந்தன. பையில் ஒட்டிய சீட்டிலும் ‘பட்லியா டேவிடி, ஊதா’ என்றே போட்டிருந்தது. பட்லியா என்பது பட்டாம்பூச்சிச் செடி இனத்தின் பெயர், டேவிடி அதில் ஒரு வகை. கூடவே தமிழில் அச்சடித்த வளர்ப்புக் குறிப்பு ஒன்றும் வந்தது. செடியும் மாறி வந்திருக்கிறது, அந்தக் குறிப்பும் வந்த செடிக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பெரிய நஷ்டம் இரண்டாவதால்தான்.

‘முதல் வருடம் வெட்ட வேண்டாம். அடுத்த வருடம் முதல் பிப்ரவரியில் எல்லாக் கிளைகளையும் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிடவும்’ என்கிறது உங்கள் குறிப்பு. அப்படியே செய்தேன். வெட்டி விழுந்த கொப்புகளைக் குப்பைக் குழிக்கு எடுத்துப் போகும்போது பார்த்தால், ஒவ்வொரு நுனியிலும் சின்னச் சின்ன மொட்டு வரிசையாக இருந்தது. வேலி ஓரமாகச் சாய்ந்து கத்தரிக்கு எட்டாமல் நின்ற ஒரே ஒரு கிளை மட்டும் சில வாரங்களில் பூத்தது. மெல்லிய, தொங்கும் கதிர்கள். தூய வெள்ளை நிறம். நல்ல வாசனை. அது டேவிடி இல்லை, பட்லியா ஏசியாட்டிகா. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், தோட்டக்கலை தெரிந்தவரிடமும் காட்டி உறுதி செய்துகொண்டேன். டேவிடியின் பூ தடித்த கதிராக வரும், பூவின் நடுவில் ஆரஞ்சுப் புள்ளி இருக்கும். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

நிறம் மாறியது மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வெள்ளைப் பூவும் அழகுதான், அதிலும் இது நம் நாட்டிலேயே இயல்பாக வளரும் செடி. ஆனால் இரண்டுக்கும் கவாத்து முறை நேர் எதிர். டேவிடி அந்த வருடம் துளிர்த்த புதுக் கிளையில் பூக்கும். அதனால் குளிர் முடிகிற நேரத்தில் ஒட்ட வெட்டினால், புதுக் கிளை வேகமாக எழும்பி நிறையப் பூக்கும். ஏசியாட்டிகா அப்படியில்லை. போன மழைக்காலத்தில் வளர்ந்த கிளையில்தான் குளிர் கடைசியில் பூக்கும். பிப்ரவரியில் அதை வெட்டுவது மொட்டோடு வெட்டுவதுதான். பூத்து முடித்த உடனே கவாத்து பண்ண வேண்டும், அப்போதுதான் அடுத்த பூவுக்கான கிளை வளர மழைக்காலம் முழுக்கக் கிடைக்கும். எங்கள் ஊரில் தேயிலைக் கவாத்து தெரியாதவர்கள் குறைவு. தேயிலையில் நமக்கு வேண்டியது துளிர், வெட்டினால் துளிர் வந்துவிடும். பூச்செடியில் எந்தக் கிளையில் பூ வரும் என்று தெரியாமல் கத்தரி வைக்கவே கூடாது. அதைச் சொல்ல வேண்டியதுதான் உங்கள் குறிப்பின் வேலை.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். படம் அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்கள். மண்ணில் சத்து இல்லை, எங்கள் பூ உரத்தை மாதம் இருமுறை போடுங்கள் என்று அதையும் விற்கப் பார்த்தார்கள். பட்லியாவுக்கு உரம் அதிகமானால் இலைதான் தழைக்கும், பூ குறையும். வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் அதற்குப் போதும். என் தோட்டத்தில் இரண்டும் இருக்கின்றன.

உங்கள் விளம்பரத்தில் இன்னொரு வரியையும் திருத்த வேண்டும். ‘பட்டாம்பூச்சிகள் முட்டையிட்டுப் பெருகும்’ என்று போட்டிருக்கிறீர்கள். பட்லியாவுக்குப் பட்டாம்பூச்சிகள் வருவது தேனுக்காக. எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு போல, நம் தோட்டத்துப் பட்டாம்பூச்சிகள் தேடிப்போய் முட்டையிடும் செடி இல்லை இது. இந்த ஒரு செடியை வைத்துவிட்டுப் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் காத்திருக்கும் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்.

அப்புறம், நீங்கள் விற்பதாகச் சொல்லும் டேவிடியைப் பற்றி. வாடிய கதிர்களை விதை முற்றுமுன் நறுக்கிவிட வேண்டும் என்று குறிப்பில் ஒரு வார்த்தை கூட இல்லை. அதன் விதை தூசி போல நுண்ணியது, காற்றில் பறந்து போய் முளைக்கும். சீனாவிலிருந்து போன இந்தச் செடி இங்கிலாந்தில் ரயில் பாதை ஓரமெல்லாம் தானாகப் பரவி நிற்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், விதை மிகக் குறைவாகப் பிடிக்கும் ரகங்களைத் தவிர மற்றவற்றை விற்க அனுமதி இல்லை. வெளியிலிருந்து வந்த உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் சோலைகளையும் புல்வெளிகளையும் என்ன செய்திருக்கின்றன என்று நீலகிரியில் நாங்கள் தினமும் பார்க்கிறோம். மலை மாவட்டத்து முகவரிக்கு டேவிடி அனுப்பும்போது எச்சரிக்கை இல்லாமல் அனுப்பாதீர்கள். ஆகவே எனக்கு மாற்றுக் கன்று வேண்டாம். இருக்கிற வெள்ளைப் பூச்செடியையே நான் வளர்த்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது இவை. கன்றுகளின் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். அதே தொகுதியில் கன்று வாங்கிய எல்லோருக்கும், வரும் பிப்ரவரிக்கு முன்பே, செடி மாறியதையும் எப்போது வெட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். என்னைப் போலவே கத்தரியோடு நிற்பவர்கள் பலர் இருப்பார்கள், அவர்களுடைய பூவாவது மிஞ்சட்டும். இனி விற்கும் ஒவ்வொரு பட்லியா வகைக்கும் தனித்தனிக் கவாத்துக் குறிப்பு அச்சிடுங்கள்.

மின்வணிக விதிகள் 2020-இன்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். பையில் இருந்த சீட்டு, வளர்ப்புக் குறிப்பு, ரசீது, பூத்த கிளையின் படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.