கண்டுபிடித்ததை எங்கள் லேப் வரைக்கும் கொண்டுவாருங்கள்

டெல்லியின் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் காப்புரிமையும் உரிம ஒப்பந்தமும் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மயூர் விஹாரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். நோயைச் சட்டென்று கண்டுபிடிக்கும் புதுக் கருவிக்குக் காப்புரிமை என்று உங்களைப் பற்றிச் செய்தி வந்தால், இங்கே நம் தமிழ்க்காரர்கள் "அண்ணா, இது உங்க லேப்ல எப்ப வரும்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். பெரும்பாலும் வருவதே இல்லை.

உங்களால் முடியாது என்று சொல்ல மாட்டேன். 1980களில் டெல்லி எய்ம்ஸில் எம்.கே. பான் குழுவினர் பச்சிளங்குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்த 116இ என்ற ரோட்டாவைரஸ்தான், குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் சொட்டு மருந்தானது. அது 2015ல் வெளிவந்து, அடுத்த வருஷமே அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனாலும், டோஸ் 1 டாலர் என்று வெளிவருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். 2020ல் ஐஐடி டெல்லி தன் கொரோனா ஆர்டி-பிசிஆர் முறையை ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்காமல், விலை 500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு பல கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. ஜூலையில் 399 ரூபாய்க்குக் கிட் வந்தது. அவசரத்தில் செய்ய முடிந்ததை மற்ற நாளில் ஏன் செய்யக் கூடாது?

எங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்றும் சொல்கிறேன். டெங்குவைப் பார்க்கும் எலைசா டெஸ்டை ஓட்டும் தட்டில் 96 குழிகள், ஒரு குழியில் ஒரு சாம்பிள். டெங்கு சீசனில் எங்களுக்கு ஒரு நாளைக்கு வருவது ஏழெட்டு சாம்பிள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் டெஸ்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோலுக்கே சில குழிகள் போய்விடும், அதனால் சாம்பிள் சேரட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்துக் காத்திருக்கிறோம். ஆனால் என்எஸ்1 என்ற டெங்கு வைரஸின் புரதம் ரத்தத்தில் நன்றாகத் தெரிவது காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான், டாக்டருக்கு ரிப்போர்ட் தேவைப்படுவதும் அப்போதுதான். கிட்டை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், மே மாதம் கரண்ட் போனால் எங்களுக்கு உயிரே போய்விடும். ஒற்றைச் சாம்பிளுக்கு ஓடுகிற, வெயிலைத் தாங்குகிற டெஸ்ட்தான் எங்களுக்கு வேண்டும். உங்கள் ஆராய்ச்சியாளர்கள் வடிவமைப்பு முடியும் முன்னால் எங்களைப் போன்ற லேபில் ஒரு வாரம் வந்து உட்கார்ந்தால் இது தானாகவே புரிந்துவிடும்.

அப்புறம், காப்புரிமைக்கு ஆயுள் 20 வருஷம், ஃபைல் செய்த நாளிலிருந்தே ஓட ஆரம்பிக்கிறது. உரிமம் வாங்கிய கம்பெனி சும்மா வைத்திருந்தால், குறித்த காலத்துக்குப் பின் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஷரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உள்நாட்டு விலை வரம்பையும் சேர்த்து எழுதுங்கள், மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கு அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காப்புரிமை பயன்பாட்டுக்கு வந்ததா என்று காப்புரிமை அலுவலகத்துக்குப் படிவம் 27ல் கொடுக்கும் விவரத்தோடு, எது யாரிடம் இருக்கிறது, சந்தைக்கு வந்ததா, என்ன விலை என்பதையும் எல்லாரும் படிக்கிற மாதிரி உங்கள் வலைத்தளத்தில் போடுங்கள். அடுத்த டெங்கு சீசனுக்குள் போட்டால், கேட்பவர்களுக்கு அந்தப் பக்கத்தையே அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
மயூர் விஹார் லேப் டெக்னீஷியன் ஒருவன்