கேம்பர் குசினி, சிங்க், பீலித் தண்ணீர்

நானுஓயா

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஏப்ரலில் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது நல்ல செய்தி. இங்கே அவளைப் படி ஏற விடமாட்டோம், பயப்பட வேண்டாம் என்று சொல். மூத்தவன் லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கிறான். விலை ஒரு வாரம் ஏறும், மறு வாரம் விழும், உனக்குத் தெரியாததா. நாம் படித்த தோட்டப் பாடசாலைக்கு மாடிக் கட்டடம் வந்துவிட்டது. தகரக் கூரை வகுப்பு மட்டும் சாமான் அறையாக இன்னும் நிற்கிறது.

சரி, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற அந்த மடிப்பு வீடு, கேம்பர் விஷயத்துக்கு வருகிறேன். நீயும் கனடாவில் அதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சின்னவன் வாங்கியதும் அமெரிக்காவில் செய்ததுதான். கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் கட்டில் வெளியே நீளும், சுற்றிவர கென்வஸ். ஒரு பங்களாவின் பின்பக்கம் பல வருஷம் மழையில் கிடந்தது. சக்கரம், பேரிங், கென்வஸ் எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொண்டான். குசினியை நான் எடுத்துக்கொண்டேன். பெக்டரியில் பிட்டராக இருந்த கைக்கு இது பிடித்த வேலை.

உன் சிங்கில் இரண்டு தொல்லை என்று எழுதியிருந்தாய். கைப்பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை, சிங்க் ஓட்டையிலிருந்து நாற்றம் வருகிறது. இரண்டும் இங்கேயும் இருந்தன.

முதலில் பார்க்க வேண்டிய இடம் மடிப்பு. வீட்டுக் குசினி கட்டின இடத்திலேயே இருக்கும். இந்தக் குசினி படுத்து எழும்பும். கூரையை இறக்குவதற்கு முன் சிங்கும் அடுப்பும் உள்ள மேசையைக் கீலின் மேல் திருப்பிப் படுக்க வைக்கிறோம் இல்லையா, அப்போது தண்ணீர் ஏறும் ஹோஸும் கழிவுத் தண்ணீர் இறங்கும் ஹோஸும் சேர்ந்து மடிகின்றன. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் மடிப்பு விழுகிறது. ஹோஸ் குட்டையாக இருந்தால் முனை இழுபடும். நீளம் கூடினால் கீலுக்குள் அகப்பட்டு நசுங்கும். எங்கள் கேம்பரில் கீலுக்குப் பின்னால் ஹோஸ் வெள்ளைக் கோடு விழுந்து, நகத்தால் தொட்டால் பிளக்கிற அளவுக்குப் போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு நூல் வைத்த தெளிவான ஹோஸ் போட்டேன். மேசையை மெதுவாகப் படுக்க வைத்து எழுப்பி, ஹோஸ் தானாக எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமே ஒரு தளர்வு விட்டுக் கிளிப் அடித்தேன். சிலர் இந்த இடத்தில் எஸ்லோன் (பிவிசி) பைப்பை ஒட்டி இறுக்கிவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. அசைகிற இடத்தில் விறைப்பான பைப்பைப் போட்டால் வெடிப்பது நிச்சயம்.

பம்புக்கு வருவோம். தண்ணீர் இழுக்காத பம்பைக் கண்டதும் எல்லோரும் பம்பைத்தான் பிரிக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. பம்பின் அடியில் உள்ள ஹோஸைக் கழற்றி, ஒரு சின்னத் துண்டு ஹோஸை மாட்டி, நேரே கீழே ஒரு வாளித் தண்ணீரில் விடு. அடித்துப் பார். தண்ணீர் வந்தால் பம்ப் நல்லது, கோளாறு டாங்கிக்கும் பம்புக்கும் இடையில். அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவில் செவ்விளநீர் உறிஞ்சுவது போல, எவ்வளவு இழுத்தாலும் காற்றுத்தான். அதனால் ஈரத்தைத் தேடி எந்தப் பயனும் இல்லை. தெளிவான ஹோஸ் போட்டிருந்தால் குமிழி எங்கே தொடங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பெரும்பாலும் கிளிப் தளர்ந்த ஒரு மூட்டுத்தான். ஹோஸின் முனையைச் சுடுதண்ணீரில் கொஞ்சம் நேரம் வைத்து, இளகினதும் ஏற்றிக் கிளிப்பை முறுக்கினால் போதும்.

வாளியிலும் இழுக்கவில்லை என்றால்தான் பம்பைப் பிரி. உள்ளே ஒரு ரப்பர் கிண்ணம், அடியில் ஒருவழி வால்வு. எங்கள் வால்வில் ஒரு பாசித் துணுக்கும் மணலும் ஒட்டிக்கொண்டு, அது மூடாமல் நின்றது. கழுவியதும் சரியாகிவிட்டது. ரப்பர் கிண்ணம் காய்ந்து சுருங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வாசலின் பூசிச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். இயற்கை ரப்பர் என்றால் அது ஊதிப் போகும். தண்ணீர்க் குழாய்க்கு ஆகும் சிலிகன் கிரீஸ்தான் சரி.

உனக்கு அங்கே வராத ஒரு தொல்லை எனக்கு இங்கே வந்தது. ஹார்ட்வெயார் கடையில் அரை இஞ்சி நிப்பிள் வாங்கிக் கேம்பரின் குழாயில் முறுக்கினால் நன்றாகத்தான் ஏறும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு இறுகும், திரெட் டேப் எவ்வளவு சுற்றினாலும் கசியும். காரணம் புரியின், அதாவது திருகு மரையின் கோணம். இங்கே நாம் பாவிப்பது பிரிட்டிஷ் புரி, 55 பாகை. அமெரிக்கப் புரி 60 பாகை. அரை இஞ்சியில் இரண்டுக்கும் ஓர் இஞ்சிக்கு 14 புரிதான், அதனால்தான் ஏறுவது போல ஏறி ஏமாற்றுகிறது. பலம் கொண்டு முறுக்கினால் பிளாஸ்டிக் முனை வெடித்துவிடும். நான் புரியை விட்டுவிட்டு ஹோஸையும் கிளிப்பையும் வைத்து இணைத்துவிட்டேன். வெளியிலிருந்து தண்ணீர் கொடுக்கும் வாய் இன்னும் மோசம்: முக்கால் இஞ்சி வாயில் ஓர் இஞ்சிக்குப் பதினொன்றரைப் புரி. நம் ஊர் முக்கால் இஞ்சிக் குழாயில் 14. அது ஏறவே ஏறாது.

அந்த வாயைப் பற்றி இன்னொரு விஷயம். எங்கள் பக்கத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உனக்கு நினைவிருக்கும். மேலே காட்டோரத்தில் ஊற்று, அங்கிருந்து கறுப்பு ஹோஸ், கீழே எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலி. சின்னவன் அந்த லைனை நேரே கேம்பரில் கொடுக்கலாம் என்றான். நான் தடுத்துவிட்டேன். பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். மேல் டாங்கி அறுபது மீற்றர் உயரத்தில் இருந்தால் குழாயை மூடி வைத்திருக்கும் நேரத்தில் ஆறு பார் வந்து நிற்கும். இந்தக் கேம்பர்களின் குழாய்க்கு ஏறத்தாழ மூன்று பார், அதாவது 40 முதல் 50 பிஎஸ்ஐ வரைதான் நல்லது. இரவில் எல்லோரும் குழாயை மூடிய பிறகுதான் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும், நாம் தூங்கும் நேரத்தில் மூட்டு கழன்று தரையெல்லாம் நனையும். அதனால் கொஞ்சம் மேட்டில் ஒரு பீப்பாய் வைத்து, உள்ளே மிதவை வால்வு போட்டு, அதிலிருந்து கேம்பர் டாங்கிக்கு விட்டிருக்கிறோம். பீப்பாயின் வாயில் துணி கட்டியிருக்கிறது. மழை பெய்த மறுநாள் அந்தத் துணியில் இலைச்சருகும் வண்டல் மண்ணும் எவ்வளவு நிற்கிறது என்று நீ வந்து பார்க்க வேண்டும். அதெல்லாம் முன்பு நேரே வால்வுக்குள் போயிருக்கும்.

டாங்கியைக் கழுவாமல் அதில் தேநீர் போடாதே. மணம் சேர்க்காத ப்ளீச், 15 அமெரிக்கக் கலனுக்குக் கால் கோப்பை, அதாவது 57 லீற்றருக்கு 60 மில்லிலீற்றர். தண்ணீரோடு கலந்து, குழாயிலும் மணம் வரும் வரை பம்பை அடித்து, சில மணித்தியாலம் விட்டு, மணம் போகும் வரை நல்ல தண்ணீரால் அலசு.

இனி நாற்றம். வீட்டு சிங்கின் அடியில் வளைவு இருக்கும், அதில் தங்கும் தண்ணீர் வாடையை மேலே விடாது. இந்த வகைக் கேம்பர்கள் பலவற்றில் அந்த வளைவு கிடையாது, ஹோஸ் நேரே வெளியே போகிறது. கழிவுத் தண்ணீரைக் கான் (கேன்) ஒன்றில் பிடித்தால் அதன் வாடை முழுவதும் மேலே வருகிறது. வெளியே போகும் ஹோஸை ஒரு வட்டம் சுற்றிக் கட்டிவிடு, அடிவளைவில் தண்ணீர் தங்கும், வாடை நிற்கும். மடிக்கும் முன் அதை அவிழ்த்து வடித்துவிடு. வட்டம் சிங்க் வாய்க்கு நன்றாகத் தாழ்ந்து இருக்க வேண்டும், கேம்பரும் மட்டமாக நிற்க வேண்டும். எங்கள் ஊரில் மட்டமான நிலம் ஏது? சக்கரத்துக்கு அடை வைத்து, பலகை கொடுத்து, லெவல் பார்த்த பிறகுதான் சிங்கில் தண்ணீர் தேங்காமல் இறங்கியது. மழைக்காலத்தில் மண் வெட்டிய கரைக்குக் கீழே மட்டும் நிறுத்துவதில்லை என்று சின்னவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு எனக்கு அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது.

அந்தக் கான் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். வந்து தங்கிப் போகிறவர்கள் பலர் ஹோஸை வெளியே விட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். சவர்க்காரமும் எண்ணெயும் சரிவில் இறங்கி ஓடைக்குப் போகிறது. அந்த ஓடையின் கீழே இன்னொரு லயத்துக்கு, தோட்ட வீட்டு வரிசைக்கு, ஹோஸ் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் அதைத்தான் குடிக்கிறார்கள். இங்கே ஓடுகிற தண்ணீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. நம் அம்மாக்கள் பீலிக்கரையில் கறிச்சட்டி கழுவ விடமாட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனை நினைக்க வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்கவில்லை, அதட்டலிலேயே பழகினோம். நான் இப்போது கருவாட்டுச் சட்டியையும் சம்பல் தட்டையும் முதலில் கடதாசியால் துடைக்கச் சொல்கிறேன். சோற்றுப் பருக்கையைச் சல்லடையில் பிடித்து, மீதித் தண்ணீரை ஓடையிலிருந்து அறுபது மீற்றராவது தள்ளி, மட்டமான மண்ணில் பரவலாக ஊற்றுகிறோம். விருந்தாளிகளுக்கும் இதே சட்டம்தான்.

சிங்கைச் சுற்றியுள்ள பலகை உளுத்திருந்தது. சிங்க் வாயின் ரப்பர் வாஷர் கல்லாகக் காய்ந்து, நெடுநாள் கசிந்த தண்ணீர் பிளைவூட்டை ஊற வைத்திருக்கிறது. குத்தூசியால் குத்திப் பார்த்தேன், நல்ல பலகையில் நிற்கும், கெட்ட இடத்தில் இறங்கும். இறங்கின இடம் முழுக்க வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து, வெட்டின விளிம்புக்கு வார்னிஷ் குடிக்கக் குடிக்கக் கொடுத்தேன். ஈரத்தோடு சிலிகன் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். இந்தக் குளிரில் சிலிகன் இறுகவும் நாள் எடுக்கும், அவசரப்படக் கூடாது.

அடுப்பைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அமெரிக்க ரெகுலேட்டர் நம் சிலிண்டருக்குப் பொருந்தாது, காஸ் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு மாற்றினோம். 2021 கடைசியில் ஊரெல்லாம் காஸ் அடுப்பு வெடித்த நாட்களை மறக்க முடியுமா? சவர்க்கார நுரை தடவி ஒவ்வொரு மூட்டையும் பார்த்த பிறகுதான் பற்றவைத்தோம். சுடர் மஞ்சளாக வந்தது. பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது, மெல்லிய பிரஷால் எடுத்ததும் நீலமானது. சமைக்கும்போது கென்வஸ் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும், எவ்வளவு குளிர் என்றாலும். அப்புறம், நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். தங்கச்சியிடம் சொல்லி வை, பிரஷர் குக்கர் தயாராக இருக்கிறது.

ஜனவரி, பெப்ரவரியில் அம்பேவெலப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். தண்ணீர் உறைந்தால் ஒன்பது வீதம் பருக்கும், பிளாஸ்டிக் பம்ப் அதைத் தாங்காது. அதனால் அந்த மாதங்களில் இரவில் பம்பையும் ஹோஸையும் வடித்துவிடுகிறோம். உன் ஊர்க் குளிருக்கு அது போதாது, நீ எழுதிய, குழாய் உறையாமல் காக்கும் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தையே ஊற்று. ஆனால் வீட்டுக் காருக்கு ஊற்றுகிற வகையைத் தவறியும் தொடாதே, அது நஞ்சு.

வரும்போது எனக்கு மூன்று சாமான் வேண்டும். கைப்பம்புக்கான ரப்பர் கிண்ணமும் வாஷரும் சேர்ந்த செட் ஒன்று. உன் கேம்பரும் அதே கம்பெனி என்றால் உனக்கும் சேர்த்து இரண்டாக வாங்கு. அமெரிக்கப் புரியிலிருந்து பிரிட்டிஷ் புரிக்கு மாற்றும் அரை இஞ்சி அடாப்டர் இரண்டு, பித்தளையில், பிளாஸ்டிக் வேண்டாம். சிங்க் வாயின் ரப்பர் வாஷர் ஒன்று. இப்போது போட்டிருப்பது இங்கே டியூப் ரப்பரில் நானே வெட்டியது, கசியவில்லை, ஆனாலும் சரியான சாமான் கையில் இருக்கட்டும். வாங்குவதற்கு முன் உன் சிங்கின் வாயை அளந்து எழுது, நானும் இங்கே அளந்து வைக்கிறேன்.

எந்த நாள் கட்டுநாயக்கா வருகிறாய் என்று தெரிந்ததும் சொல். ஏப்ரலில் நுவரெலியாவில் அறை கிடைப்பது கஷ்டம், அதனால் நீயும் தங்கச்சியும் வீட்டில், பிள்ளைகள் கேம்பரில் என்று முடிவு செய்துவிட்டோம்.

அன்புடன்,
உன் கூட்டாளி