ஒற்றியூர்ப் பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

காலடிப்பேட்டைக் கல்யாணப் பந்தியில், மோர் சாதத்துக்கு வந்த நேரத்தில் கேட்டீர்கள்: "சாமி நம்பிக்கை போச்சுன்னா பாட்டும் போச்சு, சிற்பமும் போச்சு. உங்க தலைமுறை என்னத்தடா கிழிச்சுது?" அங்கே வாயைத் திறந்தால் அம்மா முறைப்பாள். அதனால் நாலு பேர் பார்க்க இங்கே எழுதுகிறேன்.

உங்கள் கோயிலிலிருந்தே வருகிறேன். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் சந்நிதியின் தூங்கானை மாடத்தை, அதாவது பின்பக்கம் யானை முதுகு போல வளைந்த கட்டடத்தை, முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பியவன் இரவி என்கிற வீரசோழத் தச்சன். பேரைக் கல்வெட்டே சொல்கிறது. அவனுக்கு எவ்வளவு பக்தி இருந்தது என்று அதில் இல்லை. கல் வந்தது, கூலி வந்தது, உளி பிடிக்க அப்பனோ ஆசானோ பழக்கியிருக்கிறான். அதே கோயிலில் இலக்கணம் கற்பிக்கத் தனி மண்டபமே இருந்தது. அதற்கு மானியமாக நிலம் விட்டிருந்தார்கள். மானியம் நின்றால் எத்தனை பக்தி இருந்தும் வாத்தியார் எத்தனை நாள் வருவார்? தேவார ஏடுகளைத் தில்லையில் கரையான் அரித்த கதையை எனக்குச் சொன்னதே நீங்கள்தானே. ஊரெல்லாம் சிவபக்தி இருந்த காலம் அது.

வள்ளலாருக்கு வருவோம். ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூருக்கு வந்து வந்து வடிவுடையம்மனைப் பாடியவர். 1858இல் சென்னையை விட்டுப் போனார். பிற்காலத்தில் சாதி சமயங்களை, சாத்திரங்களை, சடங்குகளை ஒவ்வொன்றாக உதறினார். தமிழ் வற்றியதா? என் காதுக்கு அம்மன்மேல் பாடிய மாணிக்க மாலையைவிட, கடைசிக் காலப் பாட்டுகளான அருட்பா ஆறாம் திருமுறைதான் சூடு. "அவர் கடவுளை விடலையே" என்பீர்கள். சரி, பாரதிதாசன்? மயிலம் முருகனுக்குத் துதியமுது எழுதிய கை, பிறகு கடவுள் மறுப்பையும் பாட்டாகவே எழுதியது.

நம் பக்கத்துக் கானாவையும் பாருங்கள். காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ சாவு வீட்டு வாசலில் பந்தல் போட்டு, விடிய விடியப் பாடுகிறார்கள். எந்த அரசனும் அதற்கு நிலம் விடவில்லை. செத்தவன் பேரும், அவன் ஓட்டிய வண்டியும், அழுகிற தங்கச்சியும் அன்றைக்கே பாட்டில் ஏறிவிடும். உங்களுக்கு அது கூச்சல். எனக்கு அதில் பட்டினத்தார் கேட்கிறது. அவரும் ஒற்றியூர்க் கடற்கரையில்தான் அடங்கியிருக்கிறார்.

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது என்னைக் குத்துகிறது. கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் இருக்கிறாரே, மழை நாளில் எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் பதிகத்தை முழுசாகப் பாடிவிட்டுத்தான் போவார். கைதட்டல் கிடையாது, வீடியோ கிடையாது. நாள் தவறாமல், கேட்க ஆளில்லாமலும் செய்கிற அந்தப் பழக்கத்தை நம்பிக்கையில்லாத நாங்கள் இன்னும் எங்கேயும் உண்டாக்கவில்லை. எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ஆறு பேர் வராவிட்டால் அடுத்த மாதம் கூட்டமே இருக்காது. இது கலை குறைந்துபோனதாகாது, எங்கள் சோம்பேறித்தனம் என்று சமாளிக்கப் பார்க்கிறேன். முழுசாகச் சமாளிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். நீங்கள் அம்மன் சந்நிதிக்குப் போங்கள், கூட்டமாக இருக்கும். நான் பின்பக்கம் போய் இரவி வளைத்த அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓதுவார் ஆரம்பித்தால் ஒரு குரல் கொடுங்கள்.

உங்கள் தம்பி மகன்
தண்டையார்பேட்டை