சீனியை விட்டோம், காஃபினை மறந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இனிப்புநீர் (நீரிழிவு) பற்றிய விழிப்புணர்வு நம் மக்களிடையே வளர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது சீனியோடு நின்று, கோப்பியிலுள்ள காஃபின் சிறுநீர்த் தொல்லையைக் கூட்டுவதைக் கவனிக்காமல் விடுகிறதே என்பதுதான் என் கவலை.

எங்கள் வட்டாரச் சுகாதார கிளினிக்கில் வெறும் வயிற்றோடு சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வரும் பெரியவர்கள், பக்கத்துக் கடையில் அமர்ந்து ‘கோப்பி ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத கோப்பி) கேட்பதை அடிக்கடி காண்கிறேன். சீனியையும் டின் பாலையும் விட்டது பாராட்டத்தக்கதே. ஆயினும், சீனி இல்லை என்ற தைரியத்தில் பொழுது சாய்வதற்குள் மேலும் மூன்று நான்கு கோப்பைகள் உள்ளே போய்விடுகின்றன. நம் கடைக் கோப்பிக்குப் பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டையையே வறுக்கிறார்கள். அரபிக்கா வகைக் கொட்டையைவிட அதில் காஃபின் ஏறக்குறைய இரு மடங்கு.

இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டும்போது சிறுநீரகம் அதைச் சிறுநீரோடு வெளியேற்றத் தொடங்குகிறது. சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்வதால் சிறுநீரின் அளவு கூடுகிறது. அதன்மேல் காஃபினும் சேர்ந்தால், சிறுநீர் பெருகுவதோடு சிறுநீர்ப்பையின் தசையும் தூண்டப்பட்டு, அடக்க முடியாத அவசரம் ஏற்படலாம். நெடுங்காலம் இனிப்புநீர் உள்ளவர்களுக்கோ நரம்புகள் பழுதுபட்டு, பை நிறைந்ததே தெரியாமல் போவதும், கழித்த பிறகும் சிறுநீர் உள்ளே தேங்கிக் கிருமித்தொற்று உண்டாவதும் உண்டு. இவர்களுக்குக் கோப்பியைக் குறைத்தால் மட்டும் போதாது, மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமும் இத்தொல்லைக்குக் காரணமாக இருக்கக்கூடும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று நம் தாய்மார்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதாகும். பேருந்தில் போக வேண்டுமென்றால் மாத்திரைக்கு ஒரு மடக்கு தண்ணீர், அவ்வளவுதான்; கோப்பியை மட்டும் விடுவதில்லை. உண்மையில் குறைக்க வேண்டியது கோப்பியைத்தான். குடித்து 5 மணி நேரம் கழிந்த பிறகும் காஃபினில் பாதியளவு உடலில் இருக்கும் என்பதால், மாலைக் கோப்பியை நிறுத்தினாலே இரவில் எழுவது பலருக்குக் குறையும். அரைத்தூக்கத்தில் கழிப்பறைக்கு நடந்து வழுக்கி விழும் ஆபத்தும் குறையும். ஒரேயடியாக விட்டால் தலைவலி வரும், ஆகவே படிப்படியாகக் குறைப்பது நல்லது. தே தாரேக் எனும் பால் தேநீரிலும் காஃபின் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது அதிகமாக இருந்தது. கால், கண், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிக்கும் கிளினிக்குகள், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், கழித்த பின்னும் மீதம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, ஒரு நாளில் எத்தனை கோப்பை கோப்பி அல்லது தே குடிக்கிறீர்கள் என்பவற்றையும் வழக்கமாகக் கேட்க வேண்டும். கூச்சத்தால் நம் பெரியவர்கள் தாமாக இதைச் சொல்வதில்லை. ஆகவே உடன் செல்லும் மகனோ மகளோ எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு