ஆறு வயதுக் கடைவாய்ப்பல்: பெற்றோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஆறு வயது வாக்கில், பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது நிலையான பல். போனால் மறுபடி முளைக்காது.

அதன் மேல் உள்ள பள்ளங்களுக்குள் பிரஷ் நார் போகாது. சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பல் டாக்டரிடம் 'சீலன்ட்' போடச் சொல்லிக் கேளுங்கள். பல்லைச் சுத்தம் செய்து, பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடி, ஒளி காட்டி இறுக வைப்பார்கள். ஊசி கிடையாது, வலிக்காது. கடைவாய்ப்பல் சொத்தையில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டுகளுக்கு இது தடுக்கும். 12 வயது வாக்கில் வரும் அடுத்த கடைவாய்ப்பல்லுக்கும் போடலாம்.

ஃப்ளோரைடு வார்னிஷ், அதாவது சொத்தை வராமல் இருக்கப் பல்லில் தடவும் ஃப்ளோரைடு மருந்துப் பூச்சு, வேறு. அதை எல்லாப் பற்களிலும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை தடவுவார்கள். சேலம், தர்மபுரி பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்கள் உண்டு. அதனால் வீட்டில் குடிப்பது என்ன தண்ணீர் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையானாலும் பல் கிருமிக்குத் தீனிதான். ராத்திரி பால் குடித்த பிறகு பல் தேய்த்துவிட்டே படுக்கட்டும். பேஸ்ட் 3 வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும்.

லீவு முடிவதற்குள் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைக் கட்டாயம் காட்டிவிடுங்க.